பயணமும் அதன் பல பெயர்களும்

மாணவனொருவன் புகையிரதத்திற் கண்டிக்குச் சென்றதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினான். அப்பயணத்தை அவன் 'வொயிஜ்' என்று குறித்திருந்தான். வகுப்பு நகைத்தது, நானும் நகைத்து ஒரு புள்ளியைக் குறைத்தேன். கடலிலோ விண்வெளியிலோ செய்யும் நெடும்பயணத்துக்கே அச்சொல் உரியது என்றேன்.

"ஏன் சேர்?" என்றான். விடையறியாது அகராதியை நாடினேன்.

அச்சொல்லின் இலத்தீன் மூலம் வழிப்பயணத்துக்கு வேண்டிய பொருளை, நமது கட்டுச்சோறு போன்றதைக் குறித்ததாம்! பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தபோது தரைவழிப் பயணத்தையும் அது சுட்டிற்று. கடலுக்கென ஒதுங்கியது பிற்காலத்திலேயே.

'ஜேர்ணி' ஆதியில் ஒரு நாட்பயணம். இன்று எத்தனை நாளாயினும் ஜேர்ணியே. 'ட்றிப்' என்றால் போதல், தங்கல், திரும்பல் யாவும் அடங்கும். ஜேர்ணியோ வழியை மட்டுமே நோக்கும். 'ட்றவல்' துன்பத்தைக் குறித்த சொல்லின் உடன்பிறப்பு. அக்காலத்துப் பாதைகளை எண்ணின் வியப்பில்லை! பயணஞ் செய்தலைப் பொதுவாகக் கூறும் இச்சொல்லின் முன் 'ஒரு' எனப் பொருள்படும் 'ஏ'யைச் சேர்ப்பது நம் பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழை.

கண்டியில் தங்கியதைப்பற்றி அம்மாணவன் ஒரு வரியும் எழுதவில்லை. யன்னலோரத்திலிருந்து கண்ட மலைகளையும் சுரங்கங்களையுமே வருணித்திருந்தான். ஆதலின் 'ஜேர்ணி' என்று திருத்தினேன். குறைத்த புள்ளியைத் திருப்பிக் கொடுக்கவில்லை; இன்றைய ஆங்கிலத்தில் அது பிழையே. நகைத்தமைக்கு மட்டும் வகுப்பின் முன்னிலையில் அவனிடம் வருத்தந் தெரிவித்தேன்.