பம்பு மோட்டாரும் வோல்ட் அளவும்

பயிர் கதிர்ப் பருவத்தில் நிற்கையில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால், குடியானவருக்கு நேரும் நஷ்டம் சுருள் கட்டும் கூலியோடு முடிவதில்லை. மோட்டார் பட்டறையிலிருந்து திரும்புவதற்குள் வயல் வெடித்துவிடும். இவ்விபத்துக்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று மின்னழுத்தக் குறைவு. அதனை முன்கூட்டியே அளந்தறிவது கஷ்டமான காரியமன்று.

மேட்டுத் தொட்டியிலுள்ள நீரின் உயரம் குழாயில் நீரைத் தள்ளுவதுபோல், மின்சாரத்தைக் கம்பியில் தள்ளும் விசையே மின்னழுத்தமாகும். 1800-ஆம் ஆண்டில் தமது மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்த இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டாவின் பெயரால் அதன் அலகு வோல்ட் என வழங்குகிறது. கம்பி நீண்டும் மெலிந்தும் இருந்தால் அவ்விசையில் ஒரு பகுதி வழியிலேயே செலவாகிவிடும்.

நமது நாட்டில் மூன்று பேஸ் மின்சாரத்துக்கு 415 வோல்ட்டும், வீட்டு விளக்குக்கு 240 வோல்ட்டும் நெடுங்காலமாக வழங்கிவந்த அளவுகள். இவற்றினின்றும் நூற்றுக்கு 6 வரை ஏறலாம், இறங்கலாம் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வகுத்தன. அதாவது, மூன்று பேஸுக்கு 390 முதல் 440 வரை. இதற்கும் கீழே இறங்கினால் வருவது என்ன? மோட்டாரின் முறுக்குவிசை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. 415 வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 332 ஆனால், விசை நூற்றுக்கு 64 ஆகிவிடும். பம்பின் சுமையோ அவ்வளவு குறைவதில்லை; ஆகவே மோட்டார் அதிக மின்சாரத்தை இழுத்துக் காய்ந்து, சுருளின் பூச்சு கருகுகிறது. ஸ்டார்ட்டர் தானாக விழுவது இதைத் தடுக்கவே. அது விழாதபடி சிலர் குச்சி செருகி வைக்கின்றனர். காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவு திறப்பதற்கு ஒப்பான செயல் இது.

டெஸ்டர் விளக்கு எரிவதைக் கண்டு திருப்தியடைதல் கூடாது. பாதி அழுத்தத்திலும் அது எரியும். மல்டிமீட்டர் என்னும் சிறு கருவியே அளவைக் காட்டும். அதன் திருகை மாறுமின்னோட்ட வோல்ட் பக்கத்தில் 600 அல்லது 750-இல் நிறுத்தி, கறுப்புக் கம்பியைப் பொதுத் துவாரத்திலும், சிவப்பை வோல்ட் துவாரத்திலும் செருக வேண்டும். சிவப்பை ஆம்பியர் துவாரத்தில் செருகி மின் கம்பியைத் தொட்டால் குறுக்குச் சுற்று உண்டாகித் தீப்பொறி சிதறும், உயிருக்கே ஆபத்து. ஈரக் கையும் வெறுங்காலும் உதவா. பழக்கமில்லாதவர் வயர்மேனைக் கொண்டே அளத்தல் நலம்.

எந்நேரத்தில் அளப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். மோட்டார் நிற்கையில் கம்பியில் மின்சாரம் ஓடுவதில்லை. ஆதலால் அழுத்தம் சிறிதும் குறையாமல் முழுதாகத் தோன்றும். ஓடுகையிலேதான் உண்மை வெளிப்படும். உதாரணமாக, 5 குதிரைச்சக்தி மோட்டார் ஏறக்குறைய 7½ ஆம்பியர் இழுக்கும். அதற்கு 2½ சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 300 மீட்டர் தூரம் இழுத்திருந்தால், வழியில் 29 வோல்ட் அளவுக்கு நஷ்டமாகிறது. நிற்கையில் 400 காட்டிய இடத்தில் ஓடுகையில் 371 ஆகிவிடும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் நஷ்டம் 12 வோல்ட் அளவே. ஆழ்குழாயில் இறக்கிய மோட்டாரின் முனையில் கருவியை வைக்க இயலாது. அங்கே, மேலே கண்ட அளவிலிருந்து உள்ளிறங்கும் கேபிளின் நஷ்டத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று கம்பிகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை அளப்பது அவசியம். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தல் வேண்டும். அழுத்தத்தில் சிறு வேற்றுமையிருந்தாலும் மின்னோட்டத்தில் அது பன்மடங்காகப் பெருகும்.

ஒரே டிரான்ஸ்பார்மரின் கீழுள்ள கிணறுகளின் உடையவர்கள் ஒரே நாளில், ஒரே மணியில், தத்தம் மோட்டார் ஓடும்போது அளந்து, தேதியும் நேரமும் சேர்த்துக் குறித்து வைத்தல் பயன் தரும். எல்லாக் கிணறுகளிலும் அளவு குறைந்திருந்தால் குறை டிரான்ஸ்பார்மரிலோ பொதுக் கம்பியிலோ இருக்கலாம். அக்குறிப்பையே மனுவுடன் இணைத்துக் கிராம அதிகாரிகள் மின்வாரிய அலுவலகத்துக்கு அனுப்பலாம். ஒரு கிணற்றில் மட்டும் குறைந்திருந்தால், உடையவர் தமது சொந்தக் கம்பியின் கனத்தையும் இணைப்புகளின் இறுக்கத்தையும் முதலில் சோதிக்க வேண்டும்.