திடலுக்குப் போகும் நாளில் அடுப்பு மூட்டாதீர்கள்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் "கொழும்புக்குக் கூட்டிப் போங்கள்" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். வாப்பா ஒருவாறு சம்மதித்ததும் வேலை யார் தலையில்? விடியுமுன் எழும்பி, சோறாக்கி, பார்சல் கட்டி, போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய்ச் சேரும்போது உம்மாவுக்கு நிமிர்ந்து நிற்கவும் தெம்பிருக்காது. பாயை விரித்தால் அங்கும் பரிமாறுவது அவர்தான்.

காலிமுகத்திடல் நடைபாதையில் ஒரு கல் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி நடப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கிய அந்த நடைபாதை 1859இல் முடிந்தது என்றும், கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நலனுக்காகத் தமக்குப் பின் வருவோரிடம் அதை ஒப்படைப்பதாகவும் அதில் பொறித்திருக்கிறார்கள். அன்று அவர் நினைத்தது துரைசானிமாரை மட்டுமாகவும் இருக்கலாம். அதனாலென்ன? இன்று அந்தப் புல்லில் உட்கார யாரிடமும் டிக்கட் கேட்பதில்லை. அங்கேயும் நீங்கள் கரண்டியோடு நிற்கத்தான் வேண்டுமா?

பகல் வெயிலில் திடலுக்குப் போகாதீர்கள், அங்கே நிழலில்லை. முதலில் விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் போங்கள். முன்பு விக்டோரியா பூங்கா என்று அழைக்கப்பட்டது இதுதான். பெரிய மரங்களின் கீழ் சிறியவர்கள் ஓடட்டும், நீங்கள் கால் நீட்டி இருங்கள். வளர்ந்த பிள்ளைகளை வாப்பா பக்கத்திலுள்ள நூதனசாலைக்குக் கூட்டிப் போகட்டும். 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் நமது வாப்பிச்சி மரைக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அதை மூட வேண்டும் என்றாராம். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்தே சொல்லுங்கள்.

அஸருக்குப் பின் திடலுக்கு வாருங்கள். காற்றாடிகள் ஏறும் நேரம் அது. பொழுது சாயச் சாய வண்டில்களில் எண்ணெய் கொதிக்கும். பருப்பு மாவில் முழு இறாலைப் பதித்துப் பொரிக்கும் இஸ்ஸோ வடைதான் திடலின் அடையாளம். அடுக்கி வைத்திருக்கும் ஆறிய வடையைக் கண்ணாலும் பார்க்க வேண்டாம். உங்கள் முன்னால் சட்டியிலிருந்து எடுப்பதையே கேளுங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த வண்டிலுக்கு நடங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே போடும் வெங்காய, தக்காளிச் சம்பல் பச்சையாக இருப்பது. சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். கொத்து ரொட்டி வாங்குவதானால் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டால் வாப்பாவின் பணப்பையும் தப்பும், நாலு வண்டிலில் நாலு சண்டையும் வராது.

கடலில் இறங்க மட்டும் விடாதீர்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை பாதையிலேயே வந்து அடிக்கும்.

கடைசியாக அன்னாசி. முன்னால் வைத்தே வெட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு மிளகாய்த்தூள் கொஞ்சமாக. உங்கள் துண்டுக்கு உங்கள் விருப்பம்போல. வண்டில்காரர் நீட்டும்போது இருந்த இடத்திலேயே இருந்து வாங்குங்கள், வாப்பா எழும்பிப் போய்க் காசு கொடுக்கட்டும்.