பிரேக்கர் மூடும் கணம்

மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டத்தை ஒரு கம்பிச்சுருள் வழியே வடியவிட்டால், பல நேரம் அது ஒரே திசையில் ஓடித் தீர்வதில்லை. முன்னும் பின்னுமாக அலைந்து மெல்ல அடங்குகிறது. எப்போது அலையும், எப்போது அலையாது என்பதை 1853இல் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, கணக்கிட்டுக் காட்டினார். சுருளின் மின்தூண்டலை மின்தேக்குத்திறனால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரட்டிக்க வேண்டும். சுற்றின் மின்தடை அந்த அளவைவிடக் குறைவாக இருந்தால் அலைவு உண்டு. கூடுதலாக இருந்தால் இல்லை. பிறகு ஃபெடர்சன் என்ற இயற்பியலாளர், மின்னூட்டம் வடியும்போது எழும் தீப்பொறியைச் சுழலும் கண்ணாடியில் பிரித்துப் பார்த்து அந்த அலைவை மெய்ப்பித்தார். தொடக்கத்தில் எவ்வளவு மின்னூட்டம் இருந்தது என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. அதனால்தான் தொடக்க நிலை என்பது, சமன்பாட்டின் மாறிலிகளைக் கண்டுபிடிக்க மட்டும் தேவைப்படும் ஒன்று எனப் பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம் ஆபத்தானது.

110 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தில் இருக்கும் மின்தேக்கித் தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபேஸில் மின்னழுத்தத்தின் உச்சம் சுமார் 90 கிலோவோல்ட். காலியான மின்தேக்கியை அந்த உச்சக் கணத்தில் இணைத்தால், அதன் மின்னழுத்தம் 90ஐத் தொடும்போது தூண்டலில் ஓடும் மின்னோட்டம் மிகுந்திருக்கும். தூண்டலில் மின்னோட்டம் சட்டென நிற்காது. ஆகவே மின்தடை மிகச் சிறிதென்றால் மின்னழுத்தம் 180 வரை ஏறிவிடும். இனி, அதே தொகுதி சற்று முன் துண்டிக்கப்பட்டது என்று கொள்வோம். சுற்றை மூடவும் துண்டிக்கவும் உதவும் பிரேக்கர், மின்னோட்டம் சுழியாகும் கணத்தில்தான் துண்டிக்கும். மின்தேக்கியில் அப்போது மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும், அது அப்படியே தங்கிவிடும். எதிர்த்திசையில் 90 தங்கியிருக்கையில் மீண்டும் இணைத்தால் உச்சம் 270ஐ நெருங்கும். கம்பி, சுருள், மின்தடை எதுவும் மாறவில்லை. அலைவு அடங்கும் வேகமும் மாறவில்லை. மாறியது தொடக்கம் ஒன்றுதான்.

எப்படியும் சில சுழற்சிகளில் அடங்கிவிடும் அலைவுக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். மின்காப்பு துளைபட அத்தனை நேரம் தேவையில்லை. முதல் உச்சமே போதும். மின்தடையைக் கூட்டி அலைவையே ஒழிக்கலாமே என்பது இன்னும் வலுவான கேள்வி. கூட்டலாம்தான், ஆனால் சுற்றில் நிலையாக அமர்ந்த மின்தடை நாள் முழுவதும் மின்சாரத்தை வெப்பமாக்கிக்கொண்டே இருக்கும். எனவே, மூடும் தருணத்துக்கு மட்டும் ஒரு மின்தடையை இடையில் வைத்து, உடனே அதை விலக்கும் பிரேக்கர்கள் உண்டு. இன்னொரு வழி எனக்கு மேலானதாகப் படுகிறது: காலியான தொகுதியை, மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணம் பார்த்து மூடுவது. மின்தடை ஒரு ஓம்கூடக் கூடாமல் அலைவு பெரிதும் குறைகிறது. தங்கிய மின்னூட்டத்தை வடிக்க மின்தேக்கிகளுக்குள்ளேயே மின்தடை வைக்கிறார்கள். அது வேலையை முடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் மீண்டும் இணைக்க அவசரப்படுத்தும் எந்தக் காரணத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.