கொசுவின் குடலில் நடப்பது என்ன?

தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து மிதிகட்டையை மிதிக்கும் நெசவாளருக்குக் கொசுக்கடி புதிதன்று. கையில் நாடா ஓடிக்கொண்டிருக்கையில், காலில் அமர்ந்த கொசுவை விரட்டவும் நேரமிராது. ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் சாயம் தோய்க்கவும், கஞ்சி காய்ச்சவும், குடிக்கவும், குளிக்கவும் வீட்டுக்கு வீடு தண்ணீரைத் தொட்டியிலும் அண்டாவிலும் சேமித்து வைக்கிறோம். தோட்டங்களில் கிணறும் மாட்டுத்தொட்டியும் இருக்கின்றன. மழை குறைந்த சீமையில் நீரைச் சேமிப்பது குற்றமன்று; அவசியமே. ஆனால் மூடாது சேமித்த நீரில் கொசுவும் சேர்ந்தே வளர்கிறது.

ஒரு வீட்டில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் தறி நிற்கிறது. பாவு பாதியில் கிடக்கிறது. தார் சுற்றித் தருபவருக்கும் வேலை இல்லாமற் போகிறது. நிலக்கடலைக்குக் களை எடுக்கும் பருவம் ஒரு வாரம் தவறினால் விளைச்சல் குறைகிறது. கூலி நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை. ஆகவே கொசுவைப் பற்றி அறிந்துகொள்வது நம் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் குடும்பக் கணக்கைப் போன்றே முக்கியமானதாகும்.

கொசு இனத்தில் ஆண் கொசு இரத்தம் குடிப்பதில்லை. பூந்தேனும் செடிகளின் இனிப்பு நீரும் அதற்குப் போதும். பெண் கொசுவே முட்டை வளர்ச்சிக்கு வேண்டிய புரதத்தை நாடி நம்மைக் கடிக்கிறது. ஒரே மூச்சில் ஏறக்குறைய தன் எடை அளவு இரத்தத்தைக் குடித்துவிடும். இவ்வளவு உணவைச் செரிக்கவேண்டுமே! நாம் உண்ணும் பருப்பின் புரதத்தைச் செரிக்க நம் குடலில் டிரிப்சின் என்னும் நொதிப்பொருள் வேலை செய்கிறது. கொசுவின் குடலிலும் அதே இனத்தைச் சேர்ந்த டிரிப்சின் சுரக்கிறது. கடித்த சில மணி நேரத்தில் சிறிதளவும், பின்னர்ப் பெருமளவும் சுரந்து, ஏறத்தாழ ஒரு நாளில் உச்சத்தை அடைகிறது. இரண்டு மூன்று நாட்களில் இரத்தம் முழுதும் செரித்து, முட்டைகள் முதிர்ந்துவிடுகின்றன.

இதற்கிடையே கொசுவின் குடற்சுவர், உண்ட இரத்தத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை அமைக்கிறது. சோற்றை வாழையிலையில் பொதிந்தாற்போல் இரத்தம் இவ்வுறைக்குள் இருக்கும். நண்டு, இறால் ஆகியவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருளும் புரதமும் சேர்ந்து உண்டாவது இவ்வுறை.

கடிபட்டவர் மலேரியா நோயாளியாக இருப்பின், அவர் இரத்தத்தோடு நோய்க்கிருமியும் இப்பொதிக்குள் வந்து சேர்கிறது. மனித உடலின் சூட்டைவிடக் குறைந்த சூட்டையும், கொசுவின் உடலிலுள்ள ஓர் இரசாயனப் பொருளையும் உணர்ந்தவுடன் ஆண், பெண் கிருமிகள் வெளிப்பட்டுக் கூடுகின்றன. மறுநாளைக்குள் அவை நீண்டு ஊர்ந்து செல்லும் வடிவத்தைப் பெறுகின்றன. அப்போது ஒரு புறம் டிரிப்சினால் செரிக்கப்படும் அபாயம். மறுபுறம் தப்பிச் செல்ல வழியை மறிக்கும் உறை. இந்த நெருக்கடியில் கிருமி, கைட்டினை அறுக்கவல்ல தன் சொந்த நொதியை வெளியிட்டு உறையைத் துளைத்துச் செல்கிறது.

1993-ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கோழி மலேரியாக் கிருமியைக் கொண்டு நடத்திய சோதனைகளில் வியப்பான செய்தி ஒன்று தெரியவந்தது. கிருமி தன் நொதியைப் பூட்டிய நிலையிலேயே வெளியிடுகிறது என்றும், அந்தப் பூட்டைத் திறப்பது கொசுவின் டிரிப்சின் போன்ற நொதியே என்றும் அவர்கள் கண்டனர். தன்னைச் செரிக்க வந்த நொதியையே திறவுகோலாக்கிக் கொள்கிறது கிருமி! இரத்த உணவோடு அந்த அறுக்கும் நொதியைத் தடுக்கும் மருந்தைக் கலந்து கொடுத்தபோது கிருமி கொசுவின் குடலில் வளரவில்லை. மனிதரைத் தாக்கும் எல்லாக் கிருமிகளும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை. கொடிய பால்சிபாரம் வகையின் நொதிக்கு இத்தகைய பூட்டு இல்லை. எனினும் உறையைக் கடக்கவேண்டிய கட்டாயம் அதற்கும் உண்டு.

கொசுவின் வயிற்றில் புகும் கிருமிகளுள் மிகப் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. தப்பிய சில மட்டும் குடற்சுவரின் வெளிப்புறத்தில் சிறு கட்டிகளாகத் தங்குகின்றன. ஒவ்வொரு கட்டிக்குள்ளும் ஆயிரக்கணக்கான கிருமிகள் பெருகி, வெடித்து, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன. நம் நாட்டு வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதன் பின்னரே அக்கொசு பிறருக்கு நோயைக் கொடுக்க முடியும். அதற்கு முன் கொசு இறந்தால் கிருமியும் அதனுடன் ஒழிகிறது. இந்த நாட்கணக்கே நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

இந்த உண்மைக்கு வழி திறந்தது நம் நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், தாம் வளர்த்த கொசுக்களை உசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கச் செய்தார். நான்காம் நாள், 20-ஆம் தேதி, அவற்றுள் ஒன்றன் வயிற்றை அறுத்துப் பார்க்கையில், குடற்சுவரில் கரும் பொடிகள் கொண்ட வட்டமான கட்டிகளைக் கண்டார். அந்தக் கரும்பொடி எது? மலேரியாக் கிருமி நம் சிவப்பணுக்களுக்குள் இருந்து இரத்தச் சத்தைத் தின்னும்போது, செரிக்க முடியாத நச்சுப்பகுதியைக் கரும்பொடியாக ஒதுக்கிவைக்கிறது. திருடனைக் காட்டிக்கொடுத்தது அவன் தின்றுபோட்ட மிச்சமே! இந்நச்சைப் பொடியாக்க விடாது தடுத்துக் கிருமியைக் கொல்வதே குளோரோகுயின் மருந்தின் வேலை என அறிஞர் விளக்குவர். ராஸுக்கு 1902-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

வயிறு நிறைய இரத்தம் குடித்த கொசு பாரத்தால் தொலைவு பறக்க இயலாது. அருகிலுள்ள சுவரில் அமர்ந்து செரிக்கிறது. 1953-இல் இந்திய அரசு தொடங்கிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டதன் கருத்து இதுவே. அக்காலத்தில் ஆண்டுக்கு சுமார் 7½ கோடிப் பேர் நோயுற்று, 8 லட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டது. 1965-இல் நோயாளர் தொகை சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. பின்னர்க் கவனம் தளர்ந்தது. கொசுக்களும் மருந்தைத் தாங்கப் பழகின. 1976-இல் தொகை 64 லட்சமாக ஏறிற்று. இன்று நிலைமை பெரிதும் சீர்பட்டிருந்தாலும், தளர்ந்தால் நோய் திரும்பும் என்னும் பாடம் மறக்கத்தக்கதன்று.

உழவர் அங்கத்தினர் இதே கதையைக் கால்நடையிலும் காணலாம். உண்ணி எட்டுக்கால் கொண்டதாதலின் பூச்சியினத்தைச் சேராது. இரத்தத்தையும் மெதுவாக, குடல் உயிரணுக்களுக்குள் வாங்கியே செரிக்கிறது. பபீசியா, தைலீரியா ஆகிய கிருமிகளை மாட்டுக்குக் கொடுப்பது இதுவே. தைலீரியாவால் கலப்பினப் பசுக்கள் மிகுதியும் துன்புறுகின்றன. 1990-களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் உண்ணியின் குடற்சுவரிலுள்ள ஒரு புரதத்தைக் கொண்டு மாட்டுக்குத் தடுப்பூசி செய்தனர். ஊசி போட்ட மாட்டின் இரத்தத்தை உண்ணி குடிக்கும்போது, அந்த இரத்தமே அதன் குடலைக் கெடுக்கிறது. அது இடும் முட்டைகள் குறைகின்றன. கொசுவின் வயிற்றிலேயே மலேரியாக் கிருமியைத் தடுக்கும் தடுப்பூசிகளும் இதை ஒத்த எண்ணத்தில் ஆராயப்பட்டு வருகின்றன.

அவை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. முட்டையிலிருந்து சிறகுள்ள கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. ஆகவே வாரம் ஒரு நாள் தொட்டி, அண்டா, குடம் யாவற்றையும் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி உலர்த்தவேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதன் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடிருக்கும். நீரை மட்டும் கொட்டினால் போதாது. வாரக் கூலி வாங்கும் நாளே தொட்டி கழுவும் நாள் என வைத்துக்கொண்டால் மறதி வராது.

கவிழ்க்க இயலாத மேல்நிலைத் தொட்டியை இறுக மூடவேண்டும். கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்களை விடலாம். நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் கொசு நாடுவது இத்தகைய தெளிந்த நீரையே.

மலேரியாக் கொசு இரவில் கடிப்பதால் வலையின்றி உறங்கலாகாது. குளிர்க்காய்ச்சல் கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. மாத்திரை இரண்டு நாள் உண்டு காய்ச்சல் தணிந்ததும் தறிக்குப் போய்விடுவது நம்மவர் பழக்கம். வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்தும் எழும். அதனால்தான் மருத்துவர் 14 நாள் மாத்திரை கொடுக்கிறார். அவர் சொன்ன அளவை முடிக்காதவர் தமக்கு மட்டுமின்றி, அடுத்த வீட்டுக் கொசுவுக்கும் கிருமியை ஊட்டுகிறார்.

தம் தொட்டியைக் கழுவியவர் அடுத்த வீட்டுத் தொட்டியால் கடிபடுகிறார். தனித்து ஒருவர் செய்து பயன் பெறாத காரியத்தைப் பலர் கூடிச் செய்வதற்கே சங்கம் வைத்திருக்கிறோம். வீதி வீதியாக ஒரே நாளில் தொட்டிகளைக் கழுவும் ஏற்பாட்டை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் ஆலோசிப்பார்களாக.