அறிவு என்று எதனை அழைப்போம்?

சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது அரிமளத்தில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் இளைய மகன் தன் கைப்பேசியிடம் வினாக்களைத் தொடுத்து, அது நொடியில் தந்த விடைகளைப் பெருமையோடு எனக்குப் படித்துக் காட்டினான். வேதியியல் கணக்கு, ஆங்கிலக் கடிதம், பேச்சுப் போட்டிக்கான உரை, எல்லாம் வந்தன. அருகில் அமர்ந்திருந்த மூத்தவன் எதற்கென்று அறியாமலே சிரித்துக்கொண்டிருந்தான். வயது இருபத்திரண்டு, பத்து வரை எண்ணத் தெரியாது. மருத்துவச் சான்றிதழில் அவனுக்கு 'அறிவுசார் குறைபாடு' என்று எழுதப்பட்டிருக்கிறது.

காப்பி கொண்டுவந்த தாய் கேட்டார்: "மிஷினுக்கே அறிவு வந்துருச்சுங்கிறாங்க. அப்ப இவன எதுல சேக்குறது சாமி?"

அன்று நான் ஏதோ ஆறுதல் கூறிவிட்டு எழுந்தேன். வழியெல்லாம் அக்கேள்வி என்னோடு வந்தது. ஓர் இயந்திரத்திற்கு 'நுண்ணறிவு' என்று பெயரிட்டு, ஒரு மனிதனுக்கு அறிவில் குறை என்று சான்று வழங்கும் காலத்தில், அச்சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் யாது?

'செயற்கை நுண்ணறிவு' என்பதன் ஆங்கிலப் பெயர் 1955ஆம் ஆண்டில் ஜான் மெக்கார்த்தியும் வேறு மூவரும் எழுதிய ஒரு திட்ட வரைவில் தோன்றியது. மறு ஆண்டு கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அறிஞர் சிலர் அதற்கெனக் கூடினர். கற்றலின் ஒவ்வொரு கூற்றையும் துல்லியமாக விவரித்துவிட்டால், அதனைப் பாவனை செய்ய ஓர் இயந்திரத்தை ஆக்கலாம் என்பது அவர்களுடைய துணிபு. பாவனை என்ற சொல்லைக் கவனியுங்கள். (தமிழாக்கியோர் 'நுண்' என்ற அடையையும் சேர்த்துக் கொடுத்தது சற்றே தாராளம் என்பது என் எண்ணம்.)

அதற்கும் முன்னர், 1950இல், ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித மேதை, இயந்திரம் சிந்திக்குமா என்ற வினாவையே ஒதுக்கி வைத்தார். இவருடைய தாயார் பிறந்தது நம் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். தந்தையார் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. எழுத்து வழியாக உரையாடும்போது எதிரே இருப்பது மனிதனா, இயந்திரமா என்று நம்மால் பிரித்தறிய இயலாவிட்டால் அதுவே போதும் என்றார் டூரிங். ஆக, அளவுகோலாக அமைந்தது பேச்சின் ஒற்றுமையே. உள்ளே பொருள் உணரப்பட்டதா என்பதை அச்சோதனை வினவுவதே இல்லை.

என் தந்தையார் சிறுவயதில் பீடச்சிறுவராக இருந்தவர். அக்காலத்தில் பூசை இலத்தீனில் நடந்தது. குரு சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் உரிய மறுமொழியை ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பிப்பாராம். பொருள் ஒன்றும் தெரியாது. கேட்பவர்க்கு இலத்தீன் புலவர் போலவே தோன்றியிருப்பார். 1980இல் ஜான் செர்ல் என்னும் தத்துவ அறிஞர் சீன மொழியை வைத்து ஏறக்குறைய இதே வாதத்தை எழுப்பினார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. என் தந்தையார் பொருள் அறியாவிடினும், தாம் யார் முன்னிலையில் முழந்தாளிட்டிருக்கிறோம் என்பதை அறிந்திருந்தார்.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலியவை எழுதும் முறையும் ஒப்பித்தலுக்குத் தூரத்து உறவே. மனிதர் எழுதிக் குவித்த ஏராளமான நூல்களையும் ஏடுகளையும் கொண்டு பயிற்றப்பட்டு, இச்சொல்லுக்குப்பின் எச்சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு அடுக்குகின்றன. அதனால் விளையும் நன்மை பெரிது. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டவும், ஆசிரியர் வாய்க்காத பிள்ளைக்குப் பாடம் விளக்கவும் அவை பயன்படுகின்றன. ஆனால் அன்று இளையவன் தன் தெருவின் ஊரணியைப் பற்றிக் கேட்டபோது, அங்கே இல்லாத படித்துறையையும் மண்டபத்தையும் அது சற்றும் தயங்காமல் வருணித்தது. பொய் சொல்லும் நோக்கம் அதற்கில்லை. மெய் சொல்லும் நோக்கமும் இல்லை.

மனித அறிவை அளந்த கதையும் இத்தகையதே. 1905இல் பாரிசில் ஆல்பிரட் பினே என்பவர் ஒரு சோதனையை வகுத்தது, பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியவே. பின்வந்தோர் அதனை எண்ணாக்கி மனிதர் நெற்றியில் ஒட்டினர். 1980 ஜூன் 18 அன்று இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் சகுந்தலா தேவி இரண்டு பதின்மூன்று இலக்க எண்களை 28 விநாடியில் மனத்தாலேயே பெருக்கியபோது உலகம் வியந்தது. இன்று அதனைக் கைப்பேசி இமைப்பொழுதில் செய்கிறது, யாரும் வியப்பதில்லை. 1997இல் டீப் புளூ என்ற கணிப்பொறி சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்றது. ஆயினும் 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனபோது நாம் மகிழ்ந்ததில் குறைவுண்டா? இயந்திரம் ஒன்றைச் செய்து முடித்ததும், "இது அறிவன்று, கணக்கு" என்கிறோம். அப்படியானால் அறிவை நாம் வேறெங்கோதான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகுத்தார். அவர் கணக்கில் அறிவு தொடு உணர்விலிருந்து தொடங்குகிறது. புல்லுக்கும் மரத்திற்கும் ஓரறிவு. சுவை, மோப்பம், பார்வை, கேள்வி என வளர்ந்து, மனத்தோடு ஆறறிவு பெற்றவர் மக்கள். வெயிலும் மழையும் மேனியில் படாத இயந்திரத்திற்கு இக்கணக்கின்படி புல்லின் அறிவும் இல்லை! 2025 ஜனவரி 28 அன்று, புனித தாமஸ் அக்குவினாஸ் திருநாளில், வத்திக்கான் வெளியிட்ட 'பழையதும் புதியதும்' என்னும் பொருளுடைய ஏடும் உடலோடு கூடிய மனித அறிவையே பேசுகிறது. செயற்கை நுண்ணறிவு என்பது மனித அறிவின் இன்னொரு வடிவமன்று, அதன் விளைபொருளே என்றும், செய்து முடிக்கும் வேலையைக் கொண்டு மனிதனை மதிப்பிடும் ஆபத்து இதில் உண்டென்றும் அது எச்சரிக்கிறது.

பத்து வரை எண்ணத் தெரியாத அந்த மூத்தவனிடம் பதினேழு ஆடுகள் இருக்கின்றன. மாலையில் ஒன்று குறைந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். எண்ணிப் பார்த்து அன்று. ஒவ்வொன்றின் முகமும் அவனுக்குத் தெரியும். வராததைத் தேடிக் கொணரும் வரை சோற்றில் கை வைக்கமாட்டான் என்று அத்தாயே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

மறுவாரம் அவ்வழியே சென்றபோது இவற்றுள் பாதியை அவரிடம் சொன்னேன். வத்திக்கான் ஏட்டைக் காட்டிலும், புல்லுக்கு ஓரறிவு என்ற செய்தியே அவருக்குப் பிடித்திருந்தது, இருமுறை கேட்டுக்கொண்டார். மூத்தவன் கண்மாய்ப் பக்கம் ஆடு மேய்க்கப் போயிருக்கிறான், இருட்டுமுன் வந்துவிடுவான், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். இருந்தேன்.