பாசியை மேயும் வாய்கள்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களைக் குழப்பும் புதிர் இது. பாறையெங்கும் பச்சை மயிர்ப்பாசி சடைசடையாகத் தொங்கும். டெஸ்ட் கிட்டில் தண்ணீரைச் சோதித்தாலோ நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறத்தாழப் பூஜ்யம். சத்தே இல்லாத தண்ணீரில் இவ்வளவு பாசி எங்கிருந்து வந்தது?

சோதனையில் தவறில்லை. கிட் காட்டுவது தண்ணீரில் மிஞ்சியதை மட்டுமே. மீன் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் கரையும் சத்தைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பாறையும் சும்மா இருப்பதில்லை. கால்சியம் கார்பனேட்டால் ஆன அது பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் அளவு குறையும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அதனால்தான் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் பாசி அடங்குவதில்லை.

தீனியை அளவோடு போடுவது, குழாய்நீருக்குப் பதில் நன்கு வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கரைப்பது, நுரையோடு கழிவை அள்ளும் புரோட்டீன் ஸ்கிம்மர் வைப்பது என்று வளர்ப்பவர்கள் கவலைப்படுவதெல்லாம் சத்தைப் பற்றியே. எல்லாம் தேவைதான். ஆனால் அது பாதிக் கதை. மீதியை ஜமைக்காவின் கடலடியில் பார்க்கலாம்.

1983 ஜனவரியில், பனாமா கால்வாயின் கரீபிய முகப்பருகே, நீண்ட கரிய முட்கள் கொண்ட டயடெமா என்னும் கடல்முள்ளெலிகள் முள் உதிர்ந்து சாகத் தொடங்கின. ஏறக்குறைய ஓராண்டில் அந்தக் கொள்ளைநோய் கரீபியக் கடல் முழுவதும் பரவியது. பத்தில் ஒன்பதுக்கும் மேல் மாண்டன. ஜமைக்காவில் அதற்கு முன்பே பாசி தின்னும் மீன்களை மிதமிஞ்சிப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். மேய்ச்சல் முழுவதும் இந்த ஓர் உயிரை நம்பியே இருந்தது. 1980இல் வந்த ஆலன் சூறாவளி பவளங்களை வேறு நொறுக்கிப் போட்டிருந்தது. பிறகு நடந்ததை டெர்ரி ஹியூஸ் 1994இல் ‘சயின்ஸ்’ இதழில் கணக்காக வைத்தார்: 1970களின் பிற்பகுதியில் சுமார் 52 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் 3 சதவீதம், 4 சதவீதமாக இருந்த பாசி 92 சதவீதம்.

கரையிலிருந்து வரும் கழிவுச் சத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். என் மனத்தைத் தொட்ட சான்று 2001இல் வந்தது. ஜமைக்காவின் வடகரையில் முள்ளெலிகள் திரும்பி வந்த இடங்களை பீட்டர் எட்மண்ட்ஸும் ராபர்ட் கார்ப்பென்டரும் ஆராய்ந்தார்கள். அங்கே பாசி குறைந்திருந்தது, இளம் பவளங்கள் பல மடங்கு கூடியிருந்தன. மேயும் வாய்கள் வந்ததும் பவளக் குஞ்சுகளுக்கு ஒட்டி வளர இடம் கிடைத்துவிட்டது.

தொட்டிக்குள்ளும் இதே விதிதான். டர்போ, ட்ரோக்கஸ் நத்தைகள் பாறையில் படியும் மெல்லிய படலத்தைச் சுரண்டித் தின்னும். நீண்டு வளர்ந்த மயிர்ப்பாசியைப் பெரும்பாலும் சீண்டாது. எனவே முதல் வேலை கையால்தான். பாறையை வெளியே எடுத்து, தொட்டியிலிருந்து முகந்த தண்ணீர் நிரம்பிய வாளியில் வைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் அறுந்த துணுக்குகள் வேறு பாறையில் வேர்பிடித்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். குட்டையாக வெட்டுப்பட்ட பாசியை அதன்பின் நத்தைகள் பார்த்துக்கொள்ளும். சிறு முள்ளெலி இன்னும் ஆழமாக மேயும். அடிவயிற்றிலுள்ள ஐந்து பற்களால் பாறையையே சுரண்டுவதால், அது போன வழியில் வெள்ளைத் தடம் நெளிந்து கிடப்பதைக் காலையில் பார்க்கலாம். சரியாக ஒட்டாத பவளத் துண்டுகளை அது முட்டித் தள்ளிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மருந்து ஊற்றிப் பாசியைக் கொல்வதை நான் கடைசி வழியாகவே வைப்பேன். செத்த பாசி அழுகி, தான் உறிஞ்சிய சத்தையெல்லாம் தண்ணீருக்கே திருப்பித் தருகிறது. அடித்தொட்டியில் விளக்கு வைத்துக் கீட்டோமார்பா பாசியை வேண்டுமென்றே வளர்த்து, அவ்வப்போது அறுத்து வெளியே போட்டால் சத்து உண்மையாகவே தொட்டியை விட்டு வெளியேறும்.

ஆனால் சத்தை அறவே துடைத்துவிட நினைப்பது ஆபத்து. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிக்கும் பாஸ்பேட் வேண்டும். அது பற்றாக்குறையானால் பவளம் எளிதில் வெளிறிப்போகும் என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். துடைத்துவைத்த தொட்டிகளில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்பு நிறக் கோழையும் காற்றுக்குமிழ்களோடு பெரும்பாலும் கிளம்புகிறது. அதைத் தின்ற நத்தைகள் சாவதுமுண்டு. பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருக்கட்டும் என்பது அனுபவசாலிகளின் பொதுவான பரிந்துரை. பாறையில் பச்சை இல்லாமல், கிட்டும் பூஜ்யம் காட்டி, மணலில் பழுப்புக் கோழை தெரிந்தால் பாஸ்பேட் உறிஞ்சியை நிறுத்திவிட்டு மீனுக்குத் தீனியைக் கூட்ட வேண்டும்.