சந்திரனில் எடுத்த படங்களும் நம் வீட்டு அல்பங்களும்

சந்திரத் தரையிலே வெண்ணிற உடையணிந்து ஒருவர் நிற்க, அவருடைய தலைக்கவசத்தின் பொன்னிறக் கண்ணாடியில் படமெடுத்தவரின் சிற்றுருவம் தெரியும் அந்த நிழற்படத்தைக் காணாதவர் நம்மிடையே அரியர். நிற்பவர் ஆர்ம்ஸ்ட்ரோங் என்றே என் மாணவர் பலரும் சொல்லுவர். நிற்பவர் அல்ட்ரின், கண்ணாடியில் தெரிபவரே ஆர்ம்ஸ்ட்ரோங். கமரா பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தமையால், சந்திரனில் முதற் காலடி வைத்தவரின் நல்ல படங்கள் அங்கு எடுத்தவற்றுள் மிகச் சிலவே. கலியாண வீட்டில் கமராவோடு அலையும் சித்தப்பா எந்தப் படத்திலும் அகப்படாத கதைதான்.

அப்படத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ஆர்ம்ஸ்ட்ரோங் எடுத்த மூலப் படத்தில் அல்ட்ரினின் தலைக்கு மேல் இடமே இல்லை. முதுகுப் பொதியிலிருந்து எழும் அன்ரெனாவின் நுனி வெட்டுண்டு போயிருக்கிறது. வெளியிட்டவர்கள் அழகு கருதி மேலே கரிய வானத்தைச் சேர்த்து அச்சிட்டார்கள். நாம் சுவரில் மாட்டியது அந்தச் சேர்க்கையைத்தான். ஆயினும் கைவைத்தது பிரதியில். மூலத்தை ஒருவரும் தீண்டவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அம்மம்மாவின் ஒரேயொரு இளமைக்காலப் படத்தைப் 'புதுப்பிக்க' ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தோம். அவர்கள் மூலத்தையே மட்டையில் ஒட்டி, அதன் மேலேயே வண்ணம் தீட்டிவிட்டார்கள். நெற்றித் தழும்பு மறைந்தது. கறுத்த மேனி ரோசா நிறமாயிற்று. அம்மம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது ஆரு மனே?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் வேறு படம் இருக்கவில்லை.

மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது நம் நாட்டில் 1969 யூலை 21, திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்குச் சற்று முந்திய நேரம். தொலைக்காட்சி இலங்கைக்கு வந்தது 1979இல். ஆகவே மட்டக்களப்பார் அச்செய்தியைக் காதால் கேட்டு, பின்னர் பத்திரிகையில் படமாகக் கண்டார்கள். தரையில் பயன்படுத்திய ஹஸ்ஸல்பிளாட் கமராவைப் பாரம் கருதி அங்கேயே விட்டுவிட்டு, பிலிம் கூட்டை மாத்திரம் கழற்றிக் கொண்டுவந்தனர். அதிலிருந்த வண்ணப் படங்கள் நூற்றுக்குச் சற்று மேல். ஹூஸ்டன் நகரில் அக்கூட்டைத் திறந்த ரெறி ஸ்லெசாக் என்ற படத் தொழில்நுட்பரின் வெறுங்கையில் கரிய சந்திரத் தூசி அப்பிக்கொண்டது. அக்காலத்தில் சந்திரக் கிருமி பற்றிய அச்சம் இருந்தமையால், பாவம், அவரையும் தனிமையில் வைத்துவிட்டார்கள்!

பிலிமைக் கழுவிப் பிரதிகள் எடுத்தபின் மூலங்களை அடைத்துப் பூட்டினார்கள். இன்று அவை ஹூஸ்டனிலுள்ள ஜோன்சன் விண்வெளி நிலையத்தில், நீர் உறையும் நிலைக்கும் கீழே பதினெட்டுப் பாகை அளவிலான குளிரறையில் உறங்குகின்றன. நாம் பல்லாண்டுகளாகக் கண்டவையெல்லாம் பிரதியின் பிரதிகளே. ஒவ்வொரு பிரதியிலும் நிழலுக்குள் இருந்த நுண்மை சிறிது தேயும். 2007 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஜோன்சன் நிலையத்தோடு சேர்ந்து மூலப் பிலிமையே நுட்பமான ஸ்கானரில் பதிவு செய்யலாயினர். உறைந்த பிலிமை நேரே வெளியில் எடுப்பதில்லை. படிப்படியாகவே வெப்பத்துக்குக் கொண்டுவருவர். ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோமல்லவா? அந்த வியர்வை பிலிமில் படிந்தால் படம் கெட்டுவிடும். இப்பதிவுகளைக் கொண்டுதான் அண்டி சோண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் இருளில் மூழ்கியிருந்த முகங்களையும் நிழல்களையும் மீட்டு, 2022இல் பெருநூலாக வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் அவருக்கு மீட்பதற்கு ஏதோ இருந்தது.

காந்த நாடாக்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சந்திரனிலிருந்து வந்த நேரடித் தொலைக்காட்சிக் காட்சி, வீடுகளில் தெரிந்ததைவிட மிகத் தெளிவாக அவுஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் இருந்த நிலையங்களில் நாடாக்களில் பதிவாகியிருந்தது. பின்னாளில் நாடாத் தட்டுப்பாடு வந்தது. பழைய நாடாக்களை ஆயிரக்கணக்கில் அழித்து, வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தினர். முதற் சந்திரப் பயணத்தின் நாடாக்களும் அவற்றோடு போயிருக்க வேண்டுமென்று நீண்ட தேடலின் பின் 2009இல் நாசாவே ஒப்புக்கொண்டது. எஞ்சிய ஒளிபரப்புப் பிரதிகளைத் திரட்டி, லௌறி டிஜிற்றல் என்ற நிறுவனத்தைக் கொண்டு இயன்றமட்டும் திருத்தினர். நாடாக்களை அழித்தவர்கள் கெட்டவர்களல்லர், சிக்கனக்காரர்கள். பிரதிதான் இருக்கிறதே என்று எண்ணியிருப்பார்கள்.

ஹூஸ்டனின் குளிரறை நமக்கு ஏது? ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். நடுவே நம் அலுமாரி. உப்பு ஈரம் அல்பத்தின் ஒவ்வொரு ஏட்டிலும் பூஞ்சணத்தை வளர்க்கிறது. 1978 நவெம்பர் 23 சூறாவளியில் கூரைகளோடு படங்களும் பறந்தன. 2004 டிசெம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும் உயிர்களை வாரிச் சென்ற கடல், வீட்டுப் படங்களை விட்டுவைக்குமா? எங்கள் அல்பம் மூன்றாம் நாள் மணலுக்குள் அகப்பட்டது. நான் அதை வெயிலில் காயவைத்து, ஏடு ஏடாக உரித்தேன். படத்தின் மேற்பூச்சு ஜெலற்றின். நனைந்தால் பசையாகும், ஒட்டியபடி காய்ந்தால் பிரியாது. இதை அன்று நான் அறியேன். பெற்றோரின் திருமணப் படத்தில் மாலை இருக்கிறது, தலைப்பாகை இருக்கிறது. அப்பாவின் முகம் எதிர்ப்பக்கத் தாளோடு போய்விட்டது.

2011இல் யப்பானில் கடல் பொங்கியபின், யமமோத்தோ என்னும் ஊரில் தொண்டர்கள் லட்சக்கணக்கான படங்களை நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, உரியவரைத் தேடிக் கொடுத்தார்கள். செய்முறை எளியது. நனைந்த படத்தை ஒட்டியபடி காயவிடலாகாது. குளிர்ந்த நன்னீரில் இட்டு, நீருக்குள்ளேயே மெல்லப் பிரித்து, முகம் மேலாக நிழலில் பரப்ப வேண்டும். உடனே இயலாவிடின் பொலித்தீனில் சுற்றி உறைபெட்டியில் வைத்துப் பின்னர் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் பழைய ஸ்ரூடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன் தேடித் தேடிப் பதிவு செய்திருக்கிறது. நம் நாட்டில் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் நூல்களோடு நிழற்படங்களையும் சேர்த்துவருகிறது. என் மாணவரும் இப்பொழுது வீட்டுப் படங்களைக் கொண்டுவருகின்றனர். நாங்கள் வைத்திருக்கும் விதிகள் இரண்டே: ஸ்கானரில் பதிவானதை எவ்வகையிலும் திருத்தாது ஒரு பிரதி வைக்க வேண்டும், எத்தனை அழகுபடுத்தினாலும் வேறு பிரதியில் செய்க, படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் எழுத வேண்டும். இரண்டாவதுதான் கடினம். "இதிலுள்ள மாமா யார்?" என்று கேட்கச் சென்ற பிள்ளைக்குச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை.

சந்திரனிலும் ஒரு குடும்பப் படம் கிடக்கிறது. 1972 ஏப்பிரலில் அப்பல்லோ 16இல் சென்ற சாள்ஸ் டியூக், தாமும் மனைவியும் இரு மகன்மாரும் இருக்கும் படத்தைப் பிளாஸ்ரிக் உறையிலிட்டு அங்கே தரையில் வைத்துவிட்டு வந்தார். பின்புறத்தில் இது பூமியிலிருந்து வந்த டியூக்கின் குடும்பம் என்று எழுதிக் கையெழுத்தும் இட்டிருந்தார்கள். கொதிக்கும் பகலும் உறையும் இரவும் கடுங்கதிரும் பட்டு அது இதற்குள் வெளிறிப் போயிருக்கும். ஆனால் டியூக் புறப்படுமுன் குனிந்து, சாம்பல் நிற மண்ணில் கிடந்த அப்படத்தைத் தம் கமராவால் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பிலிம் ஹூஸ்டனில் இருக்கிறது. நால்வரின் முகமும் தெளிவாகத் தெரிகின்றன.